ஈரலும் சுவரொட்டியும்: இழிவெனப்பட்ட உணவின் சத்துக் கணக்கு

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப்படும் பாகூரிலும், ஊசுட்டேரியை ஒட்டிய வில்லியனூரிலும் நாற்று நடவும் களை பறிக்கவும் இறங்கும் பெண்களில் பலர் சேரிகளிலிருந்து வருபவர்கள். இரத்தசோகை குறித்த பேச்சை நாம் அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. அரசு தரும் விடை இரும்புச்சத்து மாத்திரை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நம் அடுப்பிலேயே இன்னொரு விடையும் கொதித்துக்கொண்டிருந்தது.

100 கிராம் ஆட்டு ஈரலில் ஏறத்தாழ 6 முதல் 7 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. கீரையிலும் இரும்பு உண்டு. எனினும் அதில் சிறு பங்கையே குடல் ஈர்க்கிறது. ஈரல், இரத்தம், மண்ணீரலான சுவரொட்டி ஆகியவற்றின் ஹீம் இரும்பு அதைவிடப் பன்மடங்கு எளிதாக உடலில் சேரும். உடன் உண்ணும் கீரை, பருப்பின் இரும்பையும் சேர்க்க உதவும். தாவர உணவில் கிடைக்காத பி12, ஒரு சிறு துண்டு ஈரலிலேயே ஒரு நாள் தேவைக்கு மேல் கிடைக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குச் சுவரொட்டியைச் சுட்டுக் கொடுத்த நம் பாட்டிமார் ஆய்வகம் கண்டவர்கள் அல்லர்.

எச்சரிக்கையும் வேண்டும். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் கருவுற்ற பெண்கள் மருத்துவரைக் கேளாமல் உண்ணலாகாது. யூரிக் அமிலத்தால் மூட்டுவலி உள்ளோரும் தவிர்ப்பது நல்லது. குடலும் இரத்தமும் அன்றே அறுத்ததாக, நன்கு வெந்ததாக இருக்க வேண்டும்.

சதையைப் பிறர் எடுத்துக்கொண்டபின் எஞ்சிய தலை, கால், குடல் நம் பங்காயின. அது நாம் தேர்ந்ததல்ல. ஆகவே அதைப் புனிதமாக்கவும் வேண்டியதில்லை. ஆனால் பங்கீட்டின் அநீதியை உணவின் இழிவாக மாற்றியது சாதி. கல்லூரி விடுதியில் தன் வீட்டுக் குழம்பின் பெயரைச் சொல்லத் தயங்கும் மாணவரை நாம் அறிவோம். ஒருவர் உண்பது அவரது தனியுரிமை, அது அரசமைப்பின் 21-ஆம் உறுப்புக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இலேயே கூறிவிட்டது.

ஆறு முதல் 23 மாதக் குழந்தைகளுக்கு இறைச்சி, மீன், முட்டை போன்றவற்றை நாள்தோறும் தர வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டி. மாட்டிறைச்சி என்றால் சட்டத்தைக் காட்டுவார்கள். ஆட்டு ஈரலையும் கோழி ஈரலையும் தடுக்கும் சட்டம் எது? அங்கன்வாடி உணவுப் பட்டியலில் அவை ஏன் பேசுபொருளாகக்கூட ஆகவில்லை என்பதை மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறையிடம் நாம் எழுத்து மூலம் கேட்க வேண்டும்.