வண்ணமீன் பிடிக்கிறவரும் மான்கொம்புப் பவளமும்

எனக்கு நீச்சலே தெரியாது. கடலுக்கு அடியில் போய்ப் பவளம் நடுறவங்களைப் பத்தி எழுத உனக்கென்ன தகுதின்னு கேட்டா பதில் இல்லை :-) ஆனா கென் நெடிமையர் கதையைப் படிச்சதிலிருந்து யார்கிட்டயாவது சொல்லியே ஆகணும்னு இருக்கு.

1984 ஆகஸ்ட் 4. கோழித்தீவனம் ஏற்றிப்போன 'வெல்வுட்' என்ற 122 மீட்டர் நீளக் கப்பல், அமெரிக்காவின் ஃப்ளோரிடா கீஸ் தீவுகளுக்கு வெளியே மொலாசஸ் பவளத்திட்டு மேல ஏறி நின்னுடுச்சு. மீட்டு இழுக்க 12 நாள் ஆச்சு. அதுக்குள்ள அடியிலிருந்த திட்டு நசுங்கிப் போச்சு. தானா வளர்ந்துடாதான்னு தோணும். ஆனா சீக்கிரம் கிளைவிட்டு வளர்ற மான்கொம்புப் பவளத்தை, வெண்பட்டை நோய் 1970களின் கடைசியிலிருந்தே கொன்னுக்கிட்டிருந்தது. பரவ ஆள் இல்லை.

அப்ப யாராவது வெட்டி எடுத்து நட வேண்டியதுதானே? முடியாது. காட்டுப் பவளத்தைத் தொட்டாலே சட்டப்படி குற்றம்.

இங்கதான் நெடிமையர் வர்றார். மீன்தொட்டிக்காரர்களுக்கு வண்ணமீன் பிடிச்சு விக்கிறது அவர் தொழில். கூடவே குத்தகைக்கு எடுத்த கடலடியில் கல்லைப் போட்டு வைப்பார். பாசியும் பூச்சியும் படிஞ்சதும் அதையும் தொட்டிகளுக்கு விப்பார். 1990களில் அந்தக் கற்கள்ல மான்கொம்புப் பவளக் குஞ்சுகள் தானா வந்து ஒட்டிக்கிச்சு. கல்லு அவரோடது, அதனால பவளமும் அவரோடது! சட்டத்தில் இப்படி ஒரு சந்து. இதை அவர் விக்காம விட்டதுதான் எனக்கு ஆச்சரியம்.

அவர் மகள் இளைஞர் மன்றச் செயல்திட்டத்துக்காக இதை எடுத்துக்க, அப்பாவும் பொண்ணும் சின்னச் சின்னத் துண்டா உடைச்சு வளர்த்தாங்க. 2003இல் கொஞ்சத்தை வெல்வுட் நசுக்கிய அதே இடத்தில் நட்டாங்க. 2007இல் பவள மீட்பு அறக்கட்டளையை ஆரம்பிச்சார்.

அப்புறம் தன்னார்வலர்கள் சேர்ந்தாங்க. பிவிசி குழாயில் மரம் மாதிரி செஞ்சு தண்ணிக்குள்ள மிதக்கவிட்டு, கிளைகள்ல விரல் நீளப் பவளத் துண்டுகளைத் தொங்கவிடறது. அப்பப்ப போய்ப் பிரஷ்ஷால பாசியைத் தேய்க்கிறது. வளர்ந்ததும் திட்டில் பசை வெச்சு ஒட்டறது. டெஸ்ட் கேஸ் ஓட்டறதைவிட சலிப்பான வேலை. காசு கிடையாது. ஆயிரக்கணக்கில் நட்டாங்க.

2023 ஜூலையில் கடல் கொதிச்சது. சோம்ப்ரெரோ திட்டில் அந்த மாசம் 20ஆம் தேதி போய்ப் பார்த்த அறக்கட்டளைக் குழு, அங்கே பவளம் முழுக்கச் செத்துப்போச்சுன்னு அறிவிச்சது. நாற்றங்கால்ல இருந்ததையாவது காப்பாத்தணும்னு பக்கெட் பக்கெட்டா அள்ளிப் படகில் ஏற்றிக் கரையிலிருந்த தொட்டிகளுக்குக் கொண்டுவந்தாங்க. ஃப்ளோரிடாவில் மான்கொம்புப் பவளம் இனி திட்டு கட்டும் அளவுக்கு இல்லைன்னு 2025இல் ஆய்வாளர்கள் எழுதிட்டாங்க.

அப்ப இத்தனை வருஷ உழைப்பும் வீணா? முதல்ல எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்க தொழில்ல சர்வர் எரிஞ்சா முதல் கேள்வி, பேக்கப் இருக்கா? இங்கே இருக்கு. அந்தத் துண்டுகளை யாரும் உடைச்சு வளர்க்காம இருந்திருந்தா தொட்டியில் வைக்கக்கூட ஒண்ணும் மிஞ்சியிருக்காது. எப்ப திருப்பி நடலாம்னு மட்டும் கடல்தான் சொல்லணும்.