கே பர்ன்

கே பர்ன் (5 ஆகஸ்ட் 1934 – 4 நவம்பர் 2019) அயர்லாந்தின் வானொலி, தொலைக்காட்சித் தொகுப்பாளர். டப்ளினில் பிறந்தவர், தந்தை கின்னஸ் மதுவடிப்பாலைத் தொழிலாளி. இங்கிலாந்தில் மான்செஸ்டரின் கிரானடா தொலைக்காட்சியிலும் சில காலம் பணியாற்றினார்.

1962 ஜூலையில் தொடங்கிய ‘தி லேட் லேட் ஷோ’வை, இடையில் சிறிது காலம் நீங்கலாக, 1999 வரை நடத்தினார். கோடைக்கால இடைநிரப்பியாகத் தொடங்கிய நிகழ்ச்சி அது. கருத்தடை, மணவிலக்கு எனக் கத்தோலிக்க அயர்லாந்து வாய்திறக்கத் தயங்கியவை அங்கே பேசப்பட்டன. 1966இல் அந்நிகழ்ச்சியில் நடந்த ஒரு கேளிக்கை விளையாட்டில், முதலிரவில் அணிந்த இரவு உடையின் நிறம் என்ன என்று ஒரு மனைவியிடம் கேட்டார். எதுவும் அணியவில்லை போலும் என்றார் அவர். அரங்கம் சிரித்தது, குளோன்ஃபர்ட் ஆயரோ மறுநாள் பிரசங்க மேடையிலேயே கண்டித்தார். இன்று படித்தால் ஆயர்மீதுதான் சிரிப்பு வரும்.

வானொலியில் பர்ன் சாதித்தது இதைவிடக் கனமானது எனலாம். 1984இல் கிரனார்டு ஊரில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி மாதா கெபியருகே தனியே பிரசவித்து இறந்தாள். தாங்களும் அப்படிக் கருவுற்றதை மறைத்து வாழ்ந்ததைப் பெண்கள் அவருக்குக் கடிதங்களாக எழுதிக் குவித்தனர். அவற்றைத் தன் வானொலி நிகழ்ச்சியில் விமர்சனமின்றி வாசித்தளித்தார்.

பிற்காலத்தில் சாலைப் பாதுகாப்பு ஆணையத் தலைவராக இருந்தார். 2011 குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்கும் யோசனையைக் கைவிட்டார். மனைவி, யாழிசைக் கலைஞர் கேத்லீன் வாட்கின்ஸ்.