துண்டாடப்படும் ஓய்வும் சாரதியின் உறக்கமும்

2014 ஜூன் 7ஆம் திகதி, நள்ளிரவு கடந்து ஒரு மணியளவில், ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி நெடுஞ்சாலையில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்த வாகன வரிசையின் மீது பாரவூர்தியொன்று வேகந்தணியாது வந்து மோதியது. நகைச்சுவைக் கலைஞர் ஜேம்ஸ் மக்நெயர் உயிரிழந்தார். மற்றொரு கலைஞரான டிரேசி மோர்கன் படுகாயமடைந்தார். பாரவூர்திச் சாரதி 28 மணித்தியாலங்களாக உறங்கவில்லை என்பது அந்நாட்டின் தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் விசாரணையில் தெரியவந்தது. ஜோர்ஜியாவிலுள்ள தமது வீட்டிலிருந்து டெலவெயாரிலுள்ள பணியிடத்துக்கு இரவு முழுவதும் வாகனமோட்டி வந்தே அவர் கடமையை ஆரம்பித்திருந்தார். ஆயினும் அன்றைய அவரது கடமை நேரம், சட்டம் வகுத்த 14 மணித்தியால எல்லையைத் தாண்டியிருக்கவில்லை.

கணக்கு சரியாக இருந்தது, உறக்கந்தான் இருக்கவில்லை. நெடுந்தூரச் சாரதிகளின் ஓய்வு விதிகளை, குறிப்பாக ஓய்வைப் பகுதிகளாகப் பிரித்தெடுக்க இடமளிக்கும் விதியை விளங்கிக்கொள்ள முனையும் எவரும் மனதிற்கொள்ள வேண்டியது இந்த வேறுபாட்டையே. கனடாவில் குடியேறிய நம்மவருள் இத்தொழில் புரிவோரும் உளர். எல்லை கடந்து அமெரிக்காவுக்குள் நுழைந்ததும் அந்நாட்டு விதிகளே அவர்களையும் கட்டுப்படுத்துகின்றன.

அடிப்படை விதி எளிமையானது. தொடர்ச்சியாக 10 மணித்தியாலம் ஓய்வெடுத்த சாரதி, கடமையை ஆரம்பித்த வேளையிலிருந்து 14 மணித்தியாலத்துக்குள் ஆகக்கூடியது 11 மணித்தியாலம் வாகனமோட்டலாம். மொத்தமாக 8 மணித்தியாலம் ஓட்டிய பின், 30 நிமிட நேரமாவது ஓட்டாதிருந்தாலன்றி அவர் மேலும் ஓட்டுதலாகாது.

இந்த 10 மணித்தியால ஓய்வை இரண்டாகப் பிரிக்கவும் இடமுண்டு. ஒரு பகுதி, வாகனத்தின் உறங்கும் அறையில் தொடர்ச்சியாகக் கழிக்கப்படும் 7 மணித்தியாலத்துக்குக் குறையாததாக இருத்தல் வேண்டும். மற்றையது 2 மணித்தியாலத்துக்குக் குறையாத ஓய்வு. அதை அறைக்கு வெளியேயும் கழிக்கலாம். இரண்டும் சேர்ந்து 10 மணித்தியாலமாவது வருதல் வேண்டும். இவ்வாறு இணையும் இரு பகுதிகளும் 14 மணித்தியாலக் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை.

பலர் தவறிழைப்பது இதற்கு அடுத்த படியிலேயே. ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். முழு ஓய்வுக்குப் பின் காலை 6 மணிக்குப் புறப்படும் சாரதி 11 மணிவரை ஓட்டுகிறார். களஞ்சியமொன்றில் பிற்பகல் 2 மணிவரை 3 மணித்தியாலம் ஓய்ந்திருக்கிறார். பின்னர் இரவு 8 மணிவரை ஓட்டிவிட்டு, அதிகாலை 3 மணிவரை உறங்கும் அறையில் 7 மணித்தியாலம் கழிக்கிறார். ஓய்வு நிறைவெய்திவிட்டது. ஆனால் புதிதாக 11 மணித்தியாலம் ஓட்டும் உரிமை அவருக்குக் கிடைத்துவிடவில்லை. கணக்கு மீள ஆரம்பிப்பது முதலாவது ஓய்வு முடிந்த பிற்பகல் 2 மணியிலிருந்தே. அதன் பின் அவர் ஓட்டிய 6 மணித்தியாலம் கழிக்கப்பட, எஞ்சியிருப்பது 5 மணித்தியாலம் மாத்திரமே. பிரிக்கப்பட்ட ஓய்வு நேரத்தை இடம் மாற்றித் தருமேயன்றிப் பெருக்கித் தராது.

இவ்விதி பல தடவைகள் மாறி வந்துள்ளது. ஓய்வை ஐந்தும் ஐந்துமாகக்கூடப் பிரிப்பதற்கு முன்னைய விதிகள் இடமளித்தன. 2003ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட விதிகளை, சாரதிகளின் உடல்நலம் கருத்திற் கொள்ளப்படவில்லையெனக் கூறி மேன்முறையீட்டு நீதிமன்றம் 2004 இல் தள்ளுபடி செய்தது. 2005 இல் எட்டும் இரண்டுமென்ற பிரிப்பு வந்தது. ஆனால் அக்குறுகிய ஓய்வு 14 மணித்தியாலக் கணக்கிலிருந்து நீக்கப்படவில்லை. கண் சொருகும் வேளையில் வாகனத்தை நிறுத்தி உறங்கியவர் நேரத்தை இழந்தார்; சோர்வுடன் ஓட்டியவர் நேரத்தை மிச்சப்படுத்தினார். 2020 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தமே இந்த முரண்பாட்டை நீக்கியது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதி வேறொரு வழியைப் பின்பற்றுகிறது. நாலரை மணித்தியாலம் ஓட்டிய பின் 45 நிமிட இடைவேளை கட்டாயமாகும். அதை முதலில் 15, பின்னர் 30 நிமிடமெனப் பிரிக்கலாம். வழமையான நாளாந்த ஓய்வு 11 மணித்தியாலம். அதைப் பிரிப்பதாயின் முதலில் 3, பின்னர் 9 என மொத்தம் 12 மணித்தியாலம் எடுத்தல் வேண்டும். பிரிப்பதற்கு விலையாக ஒரு மணித்தியாலம் மேலதிகமாக ஓய்வெடுக்குமாறு ஐரோப்பா கேட்கிறது.

ஓய்வைப் பிரிக்கும் தேவை சாரதியின் விருப்பத்திலிருந்து மட்டும் எழுவதில்லை. அமெரிக்கச் சாரதிகள் பலருக்கு ஊதியம் ஓடிய மைலுக்கே வழங்கப்படுகிறது. 1938ஆம் ஆண்டின் தொழில் நியமச் சட்டத்திலுள்ள மேலதிக நேரக் கொடுப்பனவு ஏற்பாட்டிலிருந்து நெடுந்தூரச் சாரதிகள் விலக்கப்பட்டுள்ளனர். களஞ்சிய வாயிலில் சரக்கேற்றக் காத்திருக்கும் நேரத்துக்குப் பல வேளைகளில் கொடுப்பனவு இல்லை. அவ்வாறு காத்திருக்கும் 3 மணித்தியாலத்தை 'ஓய்வு' எனப் பதிந்துவிட்டால், களஞ்சியத்தின் தாமதம் சாரதியின் இரவு உறக்கத்திலிருந்து ஈடுசெய்யப்படுகிறது. விதிகளை மீறுமாறு சாரதிகளை நிர்ப்பந்திப்பதைத் தடைசெய்யும் ஏற்பாடு 2016 முதல் நடைமுறையில் உள்ளதெனினும், விதிக்கு உட்பட்டே உறக்கம் சுரண்டப்படுவதை அது தடுக்காது.

2025 இல் அமெரிக்காவின் சமஷ்டி மோட்டார் வாகனப் பாதுகாப்பு நிர்வாகம், ஆறும் நான்கும், ஐந்தும் ஐந்தும் என்ற பிரிப்புகளைப் பரீட்சித்துப் பார்க்கும் முன்னோடித் திட்டமொன்றை முன்மொழிந்தது. நெகிழ்வு வேண்டுமென்ற சாரதிகளின் கோரிக்கையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. உறக்கம் வரும்போது உறங்கவும், நெரிசல் வேளையில் ஒதுங்கி நிற்கவும் அவர்களுக்கு உரிமை வேண்டும். ஆனால் வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 7 மணித்தியாலமாவது உறக்கம் தேவையென்பது மருத்துவ உலகின் பரிந்துரை. ஐந்து மணித்தியாலத் துண்டுகள் இரண்டைக் கூட்டினால் பத்து வருமென்பது எண்கணிதத்துக்குச் சரி. மனித உடலுக்கு அது பொருந்துமென்பது இனித்தான் நிரூபிக்கப்படல் வேண்டும்.

ஆகவே எந்த மாற்றமும் இரண்டு நிபந்தனைகளுக்கு உட்படுதல் வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு. ஒன்று, முழுமையான நீண்ட உறக்கமொன்றுக்குப் போதிய நேரம் துண்டிக்கப்படாதிருத்தல் வேண்டும். மற்றையது, எப்போது பிரிப்பதென்ற முடிவு சாரதியின் கையிலேயே இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத நெகிழ்வு, சாரதிக்கு அளிக்கப்படும் சலுகையன்று. அதற்கான விலையை, அதே சாலையில் அவருக்கு எதிரே வருபவரும் செலுத்த நேரிடும்.