மடியில் கனம்: போதைப்பொருள் வழக்கின் நூறாண்டுக் கதை

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள் நம் பெரியவர்கள். மடியில் கனம் இருந்து அகப்பட்டுக்கொண்டவன் என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் சொல்லி வைக்கவில்லை. கனம் இருந்ததாகப் போலீஸ் மட்டும் சொன்னால் என்ன செய்வது என்றும் சொல்லவில்லை.

இப்போது நம் வயதுக்காரர்கள் வீடுகளிலேயே இந்தப் பேச்சு வருகிறது. பேரன் அறையில் கஞ்சாப் பொட்டலம் இருந்ததாம், நண்பர்களோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். உடனே நாம் தேடுவது தெரிந்த எம்.எல்.ஏ.வை, தெரிந்த இன்ஸ்பெக்டரை. முதலில் தேட வேண்டியது வக்கீலை. காரணம் தெரிய வேண்டுமானால் இந்தச் சட்டம் வந்த வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

வெள்ளைக்காரன் காலத்தில் கஞ்சாவும் அபினும் ஆயத்தீர்வை கொடுக்கும் சரக்குகள். உரிமம் பெற்ற கடையில் விற்கலாம், வாங்கலாம். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால்தான் குற்றம். 1893இல் லண்டன் பாராளுமன்றத்தில் இதுபற்றிக் கேள்வி எழவே, இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அது நாடு முழுவதும் சுற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, 1894இல் ஏழு தொகுதிகளாக அறிக்கை தந்தது. முழுத் தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்பது அதன் முடிவு.

பின்னர் 1930இல் அபாயகரமான மருந்துகள் சட்டம் வந்தது. அதிலும் தண்டனை அதிகபட்சம் மூன்று ஆண்டு, மறுபடி அகப்பட்டால் நான்கு ஆண்டு. குறைந்தபட்சத் தண்டனை என்று ஒன்று இல்லை. குற்றவாளியின் வயது, நிலைமை, சரக்கின் அளவு எல்லாவற்றையும் பார்த்து நீதிபதி முடிவு செய்யலாம்.

1961இல் ஐ.நா. சபையின் போதைப்பொருள் ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது. மருத்துவம், அறிவியல் தவிர்த்த கஞ்சாப் பயன்பாட்டை நிறுத்த 25 ஆண்டு அவகாசம் கிடைத்தது. அந்த அவகாசம் முடியப்போகும் நேரத்தில், ராஜீவ் காந்தி பிரதமராக இருந்தபோது, 1985 நவம்பர் 14 அன்று புதிய சட்டம் அமலுக்கு வந்தது. என்.டி.பி.எஸ். என்று கோர்ட்டில் சொல்வது இதைத்தான். ஹெராயின், அபின் போன்றவற்றுக்குக் குறைந்தது பத்து ஆண்டு, அதிகம் இருபது ஆண்டு, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம். 1989இல் ஜாமீனுக்கும் பூட்டுப் போட்டார்கள். இவன் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக விசாரணைக்கு முன்பே நீதிபதிக்குத் திருப்தி வந்தால்தான் ஜாமீன்.

தண்டனையின் கடுமை ஒருபுறம் இருக்க, நிரூபிக்கும் சுமையையும் இந்தச் சட்டம் புரட்டிப் போட்டது. மற்ற வழக்குகளில் குற்றத்தை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். இங்கே பொருள் உன் கைவசம் இருந்தது என்று ஆகிவிட்டால், தெரிந்தே வைத்திருந்தாய் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது உன் பொறுப்பு. ஆனால் கைவசம் இருந்தது என்ற அடிப்படை உண்மையை முதலில் அரசுதான் நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் நூர் ஆகா வழக்கில் தெளிவாக்கியது.

சின்ன மீனும் திமிங்கலமும் ஒரே வலையில் விழுகின்றன என்று விமர்சனம் எழுந்தபின், 2001 அக்டோபர் 2 முதல் தராசு வந்தது. சிறிதளவு, இடைப்பட்ட அளவு, வணிக அளவு என்று மூன்று தட்டு. கஞ்சாவுக்கு ஒரு கிலோ வரை சிறிதளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. ஹெராயினுக்கு 5 கிராம், 250 கிராம். சிறிதளவுக்கு இன்று அதிகபட்சம் ஓராண்டு. வணிக அளவுக்குப் பத்து முதல் இருபது ஆண்டு. ஜாமீன் பூட்டும் பெரும்பாலும் வணிக அளவுக்குத்தான். ஆகவே எடை போட்டவர் யார், எப்படிப் போட்டார் என்பதில் ஒரு மனிதனின் பத்து ஆண்டு தொங்குகிறது. சட்டப்படி கஞ்சா என்பது பூவும் காயும் கொண்ட நுனிப்பகுதி. நுனியோடு சேராத தனி இலையும் விதையும் அதில் வராது. நல்ல வக்கீல் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இவ்வளவு கடுமையான சட்டத்தை எழுதியவர்கள், அதற்குள்ளேயே சில வேலிகளையும் போட்டார்கள். ஒருவர் உடம்பைச் சோதனையிடும் முன், "கெஜட்டட் ஆபீசர் அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் சோதிக்கும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு" என்று சொல்ல வேண்டும். இது 50ஆம் பிரிவு. 1999இல் பல்தேவ் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை வலியுறுத்தியது. பெயருக்குச் சொன்னால் போதாது, கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்று 2010இல் மற்றொரு ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. ஆனால் இந்தப் பாதுகாப்பு உடம்புச் சோதனைக்கு மட்டுமே, கையில் உள்ள பைக்குக் கிடையாது என்று 2005இல் தீர்ப்பு வந்தது. மடிக்கு ஒரு விதி, பைக்கு ஒரு விதி.

மாதிரி எடுப்பது மாஜிஸ்திரேட் முன்னிலையில் நடக்க வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி சோதனையை வீடியோ எடுக்கவும் வேண்டும். வணிக அளவு வழக்கில் 180 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால், அவகாசம் நீட்டிக்கப்படாத நிலையில், ஜாமீன் கேட்பது உரிமையாகிவிடும். ஆனால் அந்த நாளைக் குறித்துவைத்து, குற்றப்பத்திரிகை வரும் முன்பே மனுப் போட ஆள் வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது தமிழ்நாட்டில் தொடங்கிய தூஃபான் சிங் வழக்கு. போதைப்பொருள் அதிகாரிகள் போலீஸ் அல்ல, ஆகவே அவர்களிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லும் என்று பல ஆண்டுகள் நடந்துவந்தது. அந்தக் காகிதத்தை நம்பியே தண்டனை பெற்றவர்கள் உண்டு. 2020 அக்டோபர் 29 அன்று, நீதிபதி நாரிமன் தலைமையிலான அமர்வில் இருவர் ஒருபுறம், ஒருவர் மறுபுறம் என்ற தீர்ப்பில் அந்த வழக்கம் முடிந்தது. அப்படிப்பட்ட வாக்குமூலத்தை வைத்து யாரையும் தண்டிக்க முடியாது.

இத்தனை வேலியும் தானாகக் காவல் காக்காது. எடுத்துச் சொல்ல ஒரு வாய் வேண்டும். காசில்லாதவனுக்கு அந்த வாயை வாங்கித் தந்தவர்களில் முதன்மையானவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். சென்னைச் சட்டக் கல்லூரியில் படித்தவர், 1952இல் சென்னைச் சட்டமன்றத்துக்குத் தேர்வானவர். இலவசச் சட்ட உதவிக்கான குழுவுக்குத் தலைமை தாங்கி 1973இல் அறிக்கை கொடுத்தார். 1976இல் அது அரசியலமைப்பில் 39ஏ பிரிவாக ஏறியது. கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமையையும், விசாரணையின்போது வக்கீலை நாடும் உரிமையையும் 1978இல் நந்தினி சத்பதி வழக்கில் எழுதியவரும் அவரே. குற்றம் சாட்டப்பட்டவர் கேட்காவிட்டாலும் இலவச வக்கீல் கிடைக்க வேண்டும் என்று 1986இல் மற்றொரு தீர்ப்பு வந்தது. 1987இன் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ளது. காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வக்கீல் உண்டு. கோர்ட் வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்கலாம். தொலைபேசி எண் 15100.

நம் மாநிலத்துக்கு இன்னொரு கவலையும் உண்டு. 1982இல் வந்த குண்டர் சட்டத்தில் போதைப்பொருள் குற்றவாளிகளும் அடக்கம். கஞ்சா வழக்கில் ரிமாண்டில் இருப்பவர்மேல் இந்த உத்தரவும் வரலாம். வந்தால் ஓராண்டு வரை உள்ளே. அதற்கு ஜாமீன் மனு பயன்படாது. அரசுக்கு ஆட்சேப மனுவும், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் போட வேண்டும்.

ஆகவே வீட்டில் யாருக்காவது இந்த நிலை வந்தால், முதல் நாளில் செய்ய வேண்டியவை சில. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பதால், எந்தக் கோர்ட் என்று விசாரித்து வக்கீலோடு அங்கே போய் நில்லுங்கள். வெற்றுத்தாளிலோ படிக்காத தாளிலோ கையெழுத்துப் போட வேண்டாம் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். பிடித்த இடம், நேரம், உடன் இருந்தவர்கள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். கைது மெமோ, மகஜர் நகல்களைக் கேட்டு வாங்குங்கள். வக்கீலைத் தேடும்போது, என்.டி.பி.எஸ். வழக்கைச் சிறப்பு நீதிமன்றத்தில் நடத்திய அனுபவம் உண்டா என்று கேளுங்கள். அவரிடம் எதையும் மறைக்காதீர்கள்.

பிள்ளை பழக்கத்துக்கு அடிமையாகி, அகப்பட்டது சிறிதளவு என்றால், 64ஏ பிரிவையும் கேளுங்கள். அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால், அந்த வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு போய்விடும். இவ்வளவு கடுமையான சட்டத்திலும் திரும்பி வர ஒரு சிறு கதவு விட்டிருக்கிறார்கள். அது எங்கே இருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்களாகிய நமக்குத் தெரிந்திருப்பது நல்லது.