வால் டியூப் முதல் ஓவராயில் வரை

இந்த மலரில் பெரிய விஷயங்களை எழுதப் பேராசிரியப் பெருமக்கள் பலர் இருக்கிறார்கள். எனக்குக் கிடைத்த பக்கத்தில், வீட்டிலேயே சைக்கிள் ரிப்பேர் பார்த்துக்கொண்ட கதையை எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம். 1970களில் புதுக்கோட்டைச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்து படித்த எங்களில் சிலர் பட்டம் வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

வருகைப் பதிவு குறைந்தால் பரீட்சை எழுத முடியாது. எங்கள் ஊருக்குப் பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஒன்பது மைல் மிதித்து வருகிறவனுக்கு வழியில் காற்று இறங்கினால் முதல் இரண்டு பீரியட் போச்சு. கடையில் விட்டால் "சாயந்தரம் வா தம்பி" என்பார்கள். கையில் காசும் இருக்காது. அதனால் திண்ணையில் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டுக் கற்றுக்கொண்டோம்.

அப்படிக் கற்க முடிந்ததற்கு வண்டியின் வரலாறே காரணம். 1885இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர் வண்டியில் பின்சக்கரத்தைச் செயின் சுழற்றியது. 1888இல் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். நம் பக்கம் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்தது. 1951இல் சோனிபட்டில் அட்லஸ் வந்தது, 1956இல் லூதியானாவில் ஹீரோ. எல்லாமே அந்தப் பழைய பிரிட்டிஷ் ரோட்ஸ்டர் அச்சில் வந்தவை. ஒரு வண்டியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தால் ஊரிலுள்ள அத்தனை வண்டியும் தெரிந்த மாதிரிதான்.

முதல் பாடம் வால் டியூப். 1891 வாக்கில் வுட்ஸ் என்பவர் செய்த வால்வு அது. உள்ளே ஓர் ஊசி, அதன் பக்கவாட்டில் ஒரு துளை, துளையை மூடிக்கொண்டு சின்ன ரப்பர் குழாய். பம்பு அடித்தால் காற்று ரப்பரை விலக்கிக்கொண்டு உள்ளே போகும். திரும்பி வரப் பார்த்தால் உள்ளேயிருக்கும் காற்றே ரப்பரை அமுக்கி வழியை அடைத்துவிடும். இவ்வளவுதான் சூட்சுமம்! எச்சில் தொட்டு மாட்டினால் வழுக்கிக்கொண்டு ஏறும். காற்று இறங்கினால் பஞ்சர் என்று பதறாமல் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது பஞ்சர். டயர் கழற்றக் கரண்டிக் காம்பு, ஓட்டை தேட ஒரு பேசின் தண்ணீர், பிறகு உப்புத்தாளும் சொல்யூஷனும். சொல்யூஷன் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். பொறுமையில்லாதவன் ஒட்டியது நிற்காது.

கடைசி வகுப்பு ஓவராயில். 'ஓவர்ஹால்' என்பதை நம் கடைக்காரர்கள் ஓவராயில் ஆக்கிவிட்டார்கள். எண்ணெய் போடுகிற வேலைக்கு இந்தப் பெயர்தான் பொருத்தம் என்பது என் கட்சி. பின் ஆக்ஸிலில் பக்கத்துக்கு ஒன்பது கால் அங்குலக் குண்டுகள், முன்னால் பத்து பொடிக் குண்டுகள். மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்துக் கோனை முறுக்க வேண்டும். இடப்பக்கப் பெடலுக்கு மட்டும் எதிர் மரை. பெண்டு எடுப்பது வேறு வித்தை. முன்னால் 32, பின்னால் 40 ஸ்போக்ஸ் கம்பி. அதைக் கடைக்காரரிடமே விட்டோம்.

இந்த வித்தையின் அருமை 1991இல்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்டது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டப் பழகியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். எங்கள் ஊர் மையத்தில் நானும் தொண்டர். ஒரு நாள் கல்குவாரிக்குப் போகிற ஓர் அம்மா கேட்டார்: "ஓட்டத் தெரிஞ்சு என்ன சார்? நடுவழியில காத்துப் போனா தள்ளிக்கிட்டுத்தானே வரணும்? கடையில ஆம்பளைங்க உக்காந்திருக்காங்க, போயி நிக்க முடியுமா?"

நியாயமான கேள்வி. மறுநாளே கொல்லைப்புறத்தில் பேசினும் பம்பும் வைத்தோம். ஆறு பேர் வந்தார்கள். அந்த அம்மா வால் டியூபை மாட்டிவிட்டு, தானே பம்பு அடித்து, டயரைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். "நிக்குது சார்!" என்றார். அதற்குப் பிறகு அவர் வண்டியில் பிறரைக் கை வைக்க விடவில்லை.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளே, பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள் உங்களில் பலர் வீட்டில் இருக்கும். காற்றில்லாமல் சுவரில் சாய்ந்து நிற்கிறதா? எடுத்துக்கொண்டு வாருங்கள். சந்திப்பு நாளன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேப்பமரத்தடியில் கொறடு, ஸ்பேனர், சொல்யூஷனோடு உட்கார்ந்திருப்பேன். பழைய துணி மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும்.