மனச்சிதைவும் மூளையமைப்பும்: ஒரு வினாவின் வரலாறு

மனச்சிதைவு உள்ளத்தின் நோயா, மூளையின் நோயா என்னும் வினா நூறாண்டுக்கு மேற்பட்ட பழைமையுடையது. இளமையிலேயே அறிவு குலையும் நோயாளரை ஒரு வகையினராகப் பிரித்து 1890களில் விளக்கியவர் ஜேர்மனிய மருத்துவர் எமில் கிரேப்பலின். இந்நோய்க்கு மூளையிலே ஒரு பழுது இருத்தல் வேண்டும் என்பது அவர் துணிபு. அவரோடு உழைத்த அல்சைமர், மறதி நோயுற்ற ஒரு பெண்ணின் மூளையிற் கண்ட மாற்றங்களை 1906இல் அறிவித்துப் புகழெய்தினார். மனச்சிதைவுற்றோர் மூளையிலோ அத்தகைய தெளிவான அடையாளம் எதுவும் நுணுக்குக்காட்டிக்குப் புலப்படவில்லை. சுவிற்சலாந்து அறிஞர் புளூலர் 1908இல் இந்நோய்க்கு ‘ஸ்கிசோபிரேனியா’ எனப் பெயரிட்டபோதும் நிலைமை அதுவே.

நுணுக்குக்காட்டி கைவிட்டவிடத்து வேறொரு முறை உதவிற்று. முள்ளந்தண்டினூடாகக் காற்றைச் செலுத்தி, மூளையினுள்ளே பாய்மம் நிறைந்த அறைகளை எக்ஸ் கதிர்ப் படமாக எடுக்கும் வழியை அமெரிக்கரான வால்ற்றர் டான்டி 1919இல் விளக்கினார். கடுந் தலைவலியைத் தரும் முறை அது. அதனைக் கையாண்டு 1927இல் ஜேர்மனியரான யக்கோபி, விங்கிளர் என்போர், மனச்சிதைவுற்றோரில் அவ்வறைகள் விரிந்திருத்தலைக் கண்டனர். இச்செய்தி உரிய கவனம் பெறாமற் போனமை வருந்தத்தக்கது. இந்நோய்க்கு முதலில் வந்த மருந்தாகிய குளோர்புரோமசின் 1952இலேயே வழக்குக்கு வந்தமையால், 1927இற் கண்ட விரிவை அத்தகைய மருந்தின் விளைவெனக் கூற இடமில்லை அன்றோ!

இடைக்காலத்திலே பழி வேறிடத்தைச் சார்ந்தது. ஜேர்மனியிலிருந்து அமெரிக்கா சென்ற உளமருத்துவர் பிரீடா புரொம்-றைக்மன், பிள்ளைக்கு இந்நோயை உண்டாக்கும் தாய் என்னும் கருத்தை 1948இல் எழுதினார். பிள்ளையின் நோயால் நொந்த அன்னையர் அந்நோய்க்குத் தாமே காரணர் என்ற குற்றத்தையும் சுமக்கலாயினர். மூளையாராய்ச்சியின் வரலாறு கூறுவோர் இதனை மறத்தல் தகாது.

ஹவுன்ஸ்பீல்டு அமைத்த சி.ரி. பொறி 1971இல் இலண்டனில் முதன்முதல் ஒரு நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. ஐந்தாண்டு கழித்து, அந்நகரின் நோர்த்விக் பார்க் மருத்துவமனையில் ஈவ் ஜோன்ஸ்ரன், ரிம் குரோ முதலியோர் 17 நோயாளரை அப்பொறியால் ஆராய்ந்து, பழைய விரிவையே மீண்டுங் கண்டனர். ஆயின் அவர்கள் நெடுங்காலம் நோயுற்றிருந்தோர். விரிவு நோயின் காரணமா, அன்றி ஆண்டுக்கணக்கான நோய்வாழ்வின் பயனா? இதற்கு விடை காண நோயின் தொடக்கத்தையே நோக்கவேண்டியதாயிற்று.

1990இல் அமெரிக்க ஆய்வாளர், ஒருவர் நோயுற்று மற்றவர் நலமாயிருந்த ஒருகருவிரட்டையர் 15 சோடியினரை எம்.ஆர்.ஐ. முறையால் ஒப்பிட்டனர். நினைவுக்குரிய ஹிப்போகம்பசின் இடப்புற முற்பகுதி, 14 சோடிகளில் நோயுற்றவரிடமே சிறுத்திருந்தது. பிறப்புரிமையில் ஒத்தவரிடையே கண்ட வேறுபாடாதலின், பரம்பரை ஒன்றே காரணமெனக் கொள்ளல் இயலாதாயிற்று. 2003இல் மெல்பேணில் பன்ரெலிஸ் குழுவினர் இன்னும் முன்னே சென்றனர். நோய் வரக்கூடுமெனக் கருதப்பட்ட 75 பேரைப் படமெடுத்துவைத்துக் காத்திருந்தனர். பின்னர்க் கடும் மனநோயுற்ற 23 பேரின் மூளையிலே, நோய்க்கு முன்னரே சில பகுதிகளில் நரைநிறப் பொருள் குறைந்திருந்தமை தெரியவந்தது.

மருந்தின் பங்கு முற்றாக நீங்கிற்று என்பதற்கில்லை. 211 நோயாளரை ஆண்டுக்கணக்கிற் பின்தொடர்ந்த அயோவா ஆய்வாளர், மருந்து மிகுதியாக உண்டோரில் மூளைத் திசு கூடுதலாகக் குறைதலை 2011இல் வெளியிட்டனர். மருந்தை நிறுத்துக என அவர்கள் கூறினாரல்லர். அளவறிந்து கொடுக்கவே கூறினர்.

இவ்வேறுபாடுகள் யாவும் பலரைச் சேர்த்து நோக்கும் சராசரியிலே தோன்றுவன. நோயுற்றோர் பலரின் மூளை நலமுடையோர் மூளையின் அளவெல்லைக்குள்ளேயே அடங்கும். ஆதலின் படத்தை மட்டும் பார்த்து ஒருவருக்கு இந்நோய் உண்டென மருத்துவர் இன்றும் துணியார். முதன்முறை நோயுற்றவருக்குப் படமெடுப்பது, கட்டி முதலிய வேறு காரணம் உளதோ என்று அறிதற்கே.