அடிக்கட்டையில் இருக்கும் வரலாறு

எந்த விழா மலரைப் புரட்டினாலும் முதல் இருபது பக்கம் படங்கள்தாம். வகுப்பறை கட்டிக் கொடுத்தவர், கழிப்பறைக்கு ஓடு பதித்தவர், பெஞ்சு வாங்கித் தந்தவர், மைக் செட் உபயம் செய்தவர். கொடுத்தவர்களுக்குப் படம் போடுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டவர் ஒருவர் இருப்பாரே, அவருக்குப் படம் கிடையாது. அவர் அலுவலக இளநிலை உதவியாளராக இருந்திருப்பார்; உடற்பயிற்சி ஆசிரியராக இருந்திருப்பார்; ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் இருப்புக் கொள்ளாத பழைய தமிழாசிரியராக இருந்திருப்பார். நம் பள்ளி மலர்க்குழுவினர் பள்ளி வரலாறு எழுதித் தரச் சொன்னார்கள். கட்டடங்களின் வரலாற்றை வேறு யாராவது எழுதட்டும், கேட்டவர்களின் வரலாற்றை நான் எழுதுகிறேன் என்றேன். முகத்தைச் சற்றுச் சுளித்தாலும் ஒத்துக்கொண்டார்கள்.

அந்த வரலாற்றைத் தொடங்க வெகுதூரம் போக வேண்டாம். நம் சோழவரம் திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்குப் பக்கம் என்றால், மேற்குப் பக்கம் கடம்பத்தூர். அரக்கோணம் போகும் ரயிலில் திருவள்ளூரைத் தாண்டியதும் வரும். பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்ற பெயரில் தமிழ்நாட்டில் நடந்த முதல் மாநாடு 1958-இல் அங்கேதான் நடந்தது. அப்போது திருவள்ளூர் தனி மாவட்டம் இல்லை. செங்கல்பட்டோடு இருந்தோம், பிரிந்தது 1997-இல். காமராசர் முதலமைச்சர், நெ.து.சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநர். இன்று காமராசர் என்றால் மதிய உணவைச் சொல்கிறோம். பள்ளிக்கூடத்துக்குக் கடிகாரமும் கரும்பலகையும் தண்ணீர்ப் பானையும் ஊர்க்காரர்கள் கையாலேயே வந்து சேர்ந்த இந்த இயக்கத்தைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

கல்வித் துறையினர் செய்ததை மெதுவாகப் பார்க்க வேண்டும். பணம் வேண்டும் என்று யாரும் பொதுவாகக் கிளம்பவில்லை. முதலில் பட்டியல் எடுத்தார்கள். இந்தப் பள்ளிக்குக் கூரை ஒழுகுகிறது, அந்தப் பள்ளிக்கு நாற்காலி இரண்டு, இன்னொன்றுக்குத் தேசப்படம், இத்தனை ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை. ஆய்வாளரும் ஆசிரியரும் அந்தப் பட்டியலோடு ஊருக்குள் போனார்கள். 'ஏதாவது கொடுங்கள்' என்று கேட்டால் கேட்பவருக்கும் கூச்சம், கொடுப்பவருக்கும் குழப்பம். 'மூன்றாம் வகுப்புக்கு ஒரு கரும்பலகை' என்று கேட்டால் ஒருவர் எழுந்து அது என் பொறுப்பு என்பார், பக்கத்தில் இருப்பவருக்கு ரோஷம் வந்து சுவர்க் கடிகாரம் என்பார். பிறகு மாநாடு. ஊர் கூடியிருக்க, அமைச்சர் மேடையில் இருக்க, சொன்ன பொருள் கைமாறும். சில ஆண்டுகளில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட மாநாடுகள் மாநிலமெங்கும் நடந்தன. சுந்தரவடிவேலுவுக்கு 1961-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் ஆனார்.

அந்த ஆய்வாளர்கள் யாரும் நிதி திரட்டுவதற்கென்று படித்தவர்கள் அல்லர். ஆனால் பட்டியல் எடு, உருப்படியாகக் கேள், நாலு பேர் முன்னால் வாங்கிக்கொள் என்று ஒரு துறையே தன் ஆட்களைப் பழக்கியது. அதைப் பயிற்சி என்றுதான் சொல்வேன். ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். கேட்பவர் கல்வி அதிகாரி என்றால் இல்லை என்று சொல்ல ஊரில் சிலருக்கு நா எழாது. அதிகாரத்தோடு கேட்பதும் பாசத்தோடு கேட்பதும் ஒன்றல்ல. அதிகாரி மாற்றலாகிப் போனால் கொடையும் அவரோடு போய்விடும் ஆபத்து அதில் இருக்கிறது.

கல்விக்கு நன்கொடை கேட்பது அமெரிக்காக்காரன் தொழில், நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு கதை. 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். சொந்த வணிகத்தில் வரம்பு மீறிச் சம்பாதித்தார் என்ற புகாரில் பதவி போனது. அவர் காலத்தில் நம் கரையிலிருந்து அடிமைகளையும் கப்பலேற்றினார்கள். லண்டனில் போய் உட்கார்ந்த அவருக்கு 1718-இல் அமெரிக்காவிலிருந்து காட்டன் மாதர் என்ற பாதிரியார் ஒரு கடிதம் எழுதினார். புதிதாக எழும் எங்கள் கல்லூரிக்கு உதவினால் உங்கள் பெயரையே வைக்கலாம் என்பது அதன் சாரம். யேல் ஒன்பது பொதி சரக்கும், 417 புத்தகங்களும், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படம் ஒன்றும் அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுன் கிடைத்தது. அந்தக் கல்லூரிதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம். சென்னையில் சேர்த்த காசு. கேட்டது ஒரு கடிதம். 'உபயம்' என்று ட்யூப்லைட் முழுக்கப் பெயரை எழுதி வெளிச்சத்தை மறைக்கும் நம் ஊர் வழக்கத்துக்கு அண்ணன் அது. அந்தப் பணம் எப்படி வந்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. முந்நூறு ஆண்டு கழித்து அந்தப் பல்கலைக்கழகமே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறது.

அதே யேலில் 1890-இல் பழைய மாணவர்கள் ஆண்டு நிதி ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு பெரிய மனிதரிடம் பெருந்தொகை கேட்பதை விட்டு, படித்துப் போன எல்லோரிடமும் ஆண்டுதோறும் சிறுதொகை கேட்பது. நம் மொய் நோட்டு மாதிரிதான். மொய் நோட்டில் தொகையைவிடப் பெயர் முக்கியம். இந்த வீட்டுக்கும் நமக்கும் போக்குவரத்து உண்டு என்பதற்கு அதுதான் சாட்சி. இந்த வேலைக்கென்று தனிச் சங்கம் வைத்து, மாநாடு கூட்டி, புதிதாக வருபவர்களுக்கு வகுப்பெடுக்கும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது. அப்படி இருந்த இரண்டு பழைய சங்கங்கள் 1974-இல் ஒன்றாகி, 'கேஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் கல்வி வளர்ச்சி ஆதரவு மன்றம் ஆயிற்று. ஆசிய நாடுகளுக்காக அது சிங்கப்பூரிலும் அலுவலகம் வைத்திருக்கிறது. அதே 1974-இல்தான் ஹாங்க் ரோஸோ என்பவர் நிதி திரட்டுவதைக் கற்றுக்கொடுக்கவே ஒரு பள்ளி தொடங்கினார். ஆசிரியருக்குப் பயிற்சிக் கல்லூரி உண்டு, நர்சுக்கு உண்டு. கேட்பவருக்கும் வேண்டும் என்று ஒரு மனிதருக்குத் தோன்றியிருக்கிறது.

நம் பக்கத்தில் அந்தப் பயிற்சியின் பலனைப் பார்க்க வேண்டுமானால் கிண்டிக்குப் போக வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. 2023-24 நிதியாண்டில் நன்கொடையாகத் திரட்டியது 513 கோடி ரூபாய். 2024 ஆகஸ்டில் அங்கு படித்த கிருஷ்ணா சிவுகுலா ஒருவரே 228 கோடி கொடுத்தார். செய்தியைப் படித்துவிட்டு, "அவங்ககிட்ட இருக்கு, கொடுக்கறாங்க" என்றார் நம் பழைய மாணவர் சங்க உறுப்பினர் ஒருவர். இருப்பவர்கள் எல்லோரும் கொடுத்துவிடுவதில்லையே. அங்கே பழைய மாணவர் தொடர்புக்கென்றே முழுநேர அலுவலகம் இருக்கிறது. யார் எங்கே இருக்கிறார், எந்த விடுதி, எந்த ஆண்டு என்று குறித்துவைப்பதும், கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்று எழுதி அனுப்புவதும் சிலருக்குச் சம்பள வேலை.

அரசுப் பள்ளிகளுக்கு 2022 டிசம்பர் 19 அன்று 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. தொழிலதிபர் வேணு சீனிவாசன் அதன் தலைவர். இணையத்தில் பள்ளியைத் தேர்ந்து, தேவையைப் பார்த்துக் கொடுக்கலாம். கடம்பத்தூர்ப் பட்டியல்தான், காகிதத்திலிருந்து திரைக்கு வந்திருக்கிறது. ஆனால் நம் பட்டியலைத் திரையில் ஏற்றுவது தலைமையாசிரியர் வேலை. அவருக்குத் தேர்வு, மாற்றுச் சான்றிதழ், சத்துணவுக் கணக்கு எல்லாம் முடிந்து மிஞ்சும் நேரத்தில் செய்யும் வேலை.

இனி நம் ஊர்.

சோழவரம் என்றால் பழைய ஆட்களுக்குக் கார் ரேஸ் ஞாபகம் வரும். யுத்த காலத்து ஓடுபாதையில் பந்தயம் நடந்த நாளில் ஜி.என்.டி. சாலையே திருவிழாவாக இருக்கும். மற்றவர்களுக்கு ஏரி, பூண்டியிலிருந்து தண்ணீர் வாங்கிப் புழலுக்குக் கொடுத்துவிடும் ஏரி. நம் பிள்ளைகளும் அப்படித்தான் வெளியே போகிறார்கள், ஆனால் ரொம்ப தூரம் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட், எண்ணூர், மணலி, செங்குன்றம் அரிசி மில்கள், சாலை நெடுகிலும் முளைத்திருக்கும் குடோன்கள். அமெரிக்கப் பாடப்புத்தகத்தில் இருக்கும் பழைய மாணவர் வேறு, நம் பழைய மாணவர் வேறு. இவர் கம்பெனி பஸ்ஸில் போகிறவர். இரவு ஷிப்டு முடித்து வந்து படுத்தவரை ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கக் கூட்டத்துக்கு வந்து சேரச் சொல்லிப் பல ஆண்டுகள் அழைப்பிதழ் அனுப்பிக்கொண்டிருந்தோம். வரவில்லை என்று கோபித்துக்கொள்ளவும் செய்தோம். தொலைபேசியில் பேச ஏற்ற நேரம் எது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம் என்று தோன்றவே எங்களுக்கு வெகுநாள் ஆயிற்று.

இன்னொன்று இதைவிட வெட்கமானது. பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துவைத்து முகவரி தேடியபோது, எங்கள் பட்டியலில் பெண்களே இல்லாதது தெரிந்தது. படித்தவர்களில் பாதிப் பேர் பெண்கள். கல்யாணமாகி ஊர் மாறிவிட்டார்கள். அப்பா பெயரின் இனிஷியல் போய்க் கணவர் பெயரின் இனிஷியல் வந்துவிட்டது. ஆண்கள் ஆண்களைத் தேடிப் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துச் சங்கம் என்று பெயர் வைத்துவிட்டோம். வழி சொன்னவர் ஒரு பழைய மாணவி. "சார், பொம்பளைப் புள்ளைங்கள அவங்க அம்மா வீட்டுல போய்க் கேளுங்க. ஆடி மாசம், பொங்கலுக்கு எங்க வருவாங்கன்னு தெரியும்ல?" என்றார். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதைச் சொல்லித்தர மாட்டார்கள்.

ஆனால் வகுப்பில்தான் கற்க வேண்டிய சங்கதிகளும் உண்டு, அவற்றை ஊகத்தில் செய்தால் மாட்டிக்கொள்வோம். நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை வேண்டுபவரிடம் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் அவருக்குச் சலுகை இல்லை. ஆண்டு நன்கொடை விவரத்தை வருமான வரித் துறையிடம் மே 31-க்குள் தாக்கல் செய்து, கொடுத்தவருக்குச் சான்றிதழ் தர வேண்டும். துபாயில் வேலை பார்க்கும் நம் மாணவர் இந்தியக் குடியுரிமையோடு தம் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பணம் அல்ல. கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் அதுவே வெளிநாட்டுப் பணம், அதற்குத் தனி அனுமதி வேண்டும். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி இன்னொரு உலகம். நிகர லாபம் 5 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி, இவற்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம். சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை கொடுக்கவும் அதே சட்டம் சொல்கிறது. அதாவது சிப்காட் வாசலில் நாம் போய்ப் பல்லிளிக்க வேண்டியதில்லை. கணக்கோடு போனால் போதும்.

இதையெல்லாம் நம் அலுவலக உதவியாளருக்கும் சங்கத்தின் இரண்டு உறுப்பினர்களுக்கும் சொல்லிக்கொடுக்க மூன்று சனிக்கிழமைகள் ஆயின. ஆடிட்டராக இருக்கும் பழைய மாணவர் ஒருவர் வந்து கரும்பலகையில் எழுதினார். கட்டணம் டீயும் மசால்வடையும். முதல் பாடமாக அவர் எடுத்துக்கொண்டது ரசீதுப் புத்தகம். எனக்கு அது உறைத்தது. காரணம், நான் வேறோர் ஊரில் வேலை பார்த்த காலத்தில் ஒரு கட்டட நிதிக்கு வசூல் செய்தோம். பெயர் தப்பாக எழுதிய ரசீதுகளை எங்கள் ஆள் அடிக்கட்டையோடு கிழித்து எறிந்துவிட்டார். மனதில் கள்ளம் கிடையாது, புத்தகம் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம்தான். தணிக்கையில் ஏழு எண்கள் காணவில்லை. ஊரில் பேச்சு வந்தது. கட்டடம் எழும்பிவிட்டது; அவர் அந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க இரண்டு வருஷம் பிடித்தது. ஒரு பைசா எடுக்காத மனிதர்.

போன மாதம் மலருக்காக நன்கொடை வாங்கிக்கொண்டிருந்தோம். பிற்பகல் மூன்று மணி இருக்கும், கம்பெனிச் சீருடையோடு ஒருவர் வந்தார். முதல் ஷிப்டு முடித்து நேராக வருகிறேன் என்றார். ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். போன வருஷம் கொடுத்தது என்ன ஆச்சு என்று கேட்டார். உதவியாளர் பதிவேட்டைத் திருப்பி, குடிநீர்க் குழாய், இத்தனை ரூபாய், இந்தத் தேதி என்று விரலை வைத்துக் காட்டினார். அவர் போய் அந்தக் குழாயைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து ரசீதைப் படித்தார்.

"சார், இனிஷியல் தப்பு. 'கே' இல்ல, 'ஜி'."

உதவியாளர் ரசீதைத் திரும்ப வாங்கினார். குறுக்கே இரண்டு கோடு போட்டு 'ரத்து' என்று எழுதி, அதன் அடிக்கட்டையோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்தார். பிறகு அடுத்த எண்ணில் புது ரசீது எழுதத் தொடங்கினார்.